கால் ஒன்று, நம்பர் நாலு!
பூட்சு வாங்கும்போது ஏன் இந்தக் குழப்பம்? பெரம்பலூர் காலணி சொல்லும் கதை

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அங்கே அமெரிக்காவின் "கிராக்ஸ்" காலணிகள் தயாராகின்றன. மேலே ஓட்டை ஓட்டையாக, மெத்தென்று, பல வண்ணங்களில் இருக்குமே, அதுதான்.

அந்தக் காலணி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் இரண்டு நம்பர்கள் பதிந்திருக்கும். ஒன்றின் பக்கத்தில் "எம்" என்ற ஆங்கில எழுத்து. இன்னொன்றின் பக்கத்தில் "டபிள்யூ".

எம் என்றால் ஆண். டபிள்யூ என்றால் பெண்.

எம் 8 என்று போட்டிருக்கும் காலணியிலேயே டபிள்யூ 10 என்றும் போட்டிருக்கும். கணவர் போட்டால் அது 8-ம் நம்பர். அதையே மனைவி போட்டால் 10-ம் நம்பர்!

அது மட்டும் அல்ல. அந்த 8, அமெரிக்கக் கணக்கு. நம் ஊர்க் கடைகளில் காலம் காலமாகப் புழங்குவது பிரிட்டிஷ் கணக்கு. அந்தக் கணக்கில் இதே காலணி ஏறக்குறைய 7-ம் நம்பர்தான். ஐரோப்பாவில் இதற்கு 41-42 என்று பெயர். ஜப்பானில் 26 சென்டிமீட்டர்.

காலணி ஒன்று. அதற்குப் பெயர் நாலைந்து.

"நான் எப்போதும் 8 போடுகிறவன்" என்று செல்போனில் எம் 8 ஆர்டர் செய்பவருக்கு என்ன நடக்கும்? பெட்டி வரும். ஆசையாகப் பிரிப்பார். கால் விரல் முட்டும். திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

புதுத் தொழில்

பெரம்பலூர் என்றால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். எறையூர் என்றால் சர்க்கரை ஆலை. அரியலூர் என்றால் சுண்ணாம்புக்கல், சிமெண்டு. இப்படித்தான் இத்தனை நாளும் பள்ளிக்கூடத்தில் படித்தோம்.

அந்தப் பட்டியலில் இப்போது காலணியும் சேர்ந்திருக்கிறது.

எறையூர் சிப்காட் தொழில் பூங்கா 2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் திறக்கப்பட்டது. காலணிப் பூங்காவுக்கும் அப்போதே அடிக்கல் நாட்டப்பட்டது. கிராக்ஸ் காலணி தயாரிக்கும் தொழிற்சாலை ஓர் ஆண்டு கழித்து, 2023 நவம்பரில் திறக்கப்பட்டது.

அடுத்து அரியலூர் மாவட்டம். அங்கே ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 2024-ம் ஆண்டு நவம்பர் 15-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒரு காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். தைவான் நாட்டைச் சேர்ந்த "டீன் ஷூஸ்" கம்பெனியின் திட்டம் அது. முதலீடு ரூ.1,000 கோடி. 15 ஆயிரம் பேருக்கு வேலை என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ராஜேந்திர சோழன் தலைநகரம் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

இரண்டுமே தோல் இல்லாத காலணித் தொழில். ரப்பர், துணி, நுரைப் பொருள்களால் ஆனவை. இந்தத் தொழிலில் பெண்களுக்கு அதிக வேலை கிடைக்கிறது.

உலகத்துக்குக் காலணி செய்து அனுப்பும் ஊரில், ஒருவர் தம் காலுக்குச் சரியான காலணி வாங்க முடிகிறதா?

அங்கேதான் சிக்கல்.

"கம்பெனி வேற, தம்பி!"

எந்த ஊர்ச் செருப்புக் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"அண்ணே, போன தடவை எட்டுதானே போட்டேன்? இது ஏன் கடிக்குது?"

"கம்பெனி வேற, தம்பி. இதுல ஒம்பது போட்டுப் பாருங்க."

கடைக்காரர் சொல்வது உண்மை. ஒரே 8-ம் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.

பெரிய கம்பெனிகளையே எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கான பிரிட்டிஷ் 8-ம் நம்பர் பூட்சுக்கு "நைக்" கம்பெனியின் அட்டவணை ஐரோப்பிய நம்பர் 42½ என்கிறது. அளவு 27 சென்டிமீட்டர். "அடிடாஸ்" அட்டவணையோ அதே 8-ம் நம்பருக்கு ஐரோப்பிய நம்பர் 42 என்கிறது. அளவு 26½ சென்டிமீட்டர்.

அரை சென்டிமீட்டர் வித்தியாசம். சிறியதுதானே என்று தோன்றும். கட்டை விரல் நகத்தைக் கேட்டுப் பாருங்கள், அது சொல்லும்!

வாற்கோதுமை போட்ட கணக்கு

இந்த நம்பர் எங்கிருந்து வந்தது? கதை சுவையானது.

இங்கிலாந்தில் பழைய காலத்தில் நீளத்தை வாற்கோதுமை மணியால் அளந்தார்கள். பார்லி என்கிறோமே, அதுதான். 3 மணிகளை வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம். இரண்டாம் எட்வர்டு மன்னர் 1324-ம் ஆண்டில் இதைச் சட்டமாக்கினார் என்று சொல்வது உண்டு.

சிரிக்க வேண்டாம். நம் முன்னோர்களும் தானியத்தால்தான் அளந்தார்கள். 8 நெல் ஒரு விரல். 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். பூக்காரி கையில் முழம் இன்றும் வாழ்கிறது. அங்கே வாற்கோதுமை, பூட்சுக்குள் வாழ்கிறது.

பிரிட்டிஷ் கணக்கில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே ஒரு மணி நீளம். அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஏறக்குறைய 8½ மில்லிமீட்டர்.

எண்ணிக்கை தொடங்குவது ஒன்றில் இருந்து அல்ல. 4 அங்குலத்தில் இருந்து. அங்கே பூஜ்யம். அதில் இருந்து குழந்தைகளுக்கு 13 வரை போகும். பிறகு? மறுபடியும் 1, 2, 3 என்று பெரியவர்களுக்கு ஆரம்பமாகும்!

அதனால்தான் சில வீடுகளில் தம்பிக்கு 12-ம் நம்பர், அண்ணனுக்கு 3-ம் நம்பர் என்று வாங்குகிறார்கள். "பெரியவனுக்குப் போய்ச் சின்ன நம்பரா?" என்று பாட்டி கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 3 நம்பருக்கு 2 சென்டிமீட்டர் என்று வைத்தார்கள். ஐரோப்பிய நம்பர் 38, 40, 42 என்று பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பூஜ்யத்தில் இருந்து நேராக எண்ணிக்கொண்டே போகிறார்கள். அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் கணக்கையே எடுத்து, தொடங்கும் இடத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். பெண்களுக்குத் தனி எண்ணிக்கையும் வைத்தார்கள்.

அளப்பது காலை அல்ல!

இந்தக் கணக்குகளில் ஒரு ரகசியம் இருக்கிறது. கடைக்கு வருகிற பலருக்கும் இது தெரியாது.

நம்பர் என்பது காலின் நீளம் அல்ல. அச்சுக்கட்டையின் நீளம்.

பூட்சு செய்கிறவர்கள் முதலில் பாதத்தைப் போல ஒரு கட்டை செய்கிறார்கள். முன்பு மரத்தில் செய்தார்கள். இப்போது பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். அதன் மேல்தான் பூட்சை இழுத்துக் கட்டி, ஒட்டி, தைக்கிறார்கள். கட்டையை உருவினால் பூட்சு தயார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிட்டிஷ் 8-ம் நம்பர். எட்டோடு 25-ஐக் கூட்டினால் 33. மூன்றால் வகுத்தால் 11 அங்குலம். அதுதான் கட்டையின் நீளம். சென்டிமீட்டரில் சொன்னால் 28-க்குச் சற்றுக் குறைவு.

ஐரோப்பிய 42. மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்கினால் 28 சென்டிமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் இந்தப் பூட்சைப் போடுகிறவரின் கால் 28 சென்டிமீட்டர் இருக்காது. 26½ இருக்கும். மிச்சம் ஒன்றரை சென்டிமீட்டர் விரல் அசைய விட்ட இடம்.

அந்த மிச்ச இடம் எவ்வளவு? அதை முடிவு செய்வது கம்பெனி. ஒருவர் தாராளமாக விடுவார். ஒருவர் கஞ்சத்தனம் காட்டுவார். முன்பக்கம் கூராக இருந்தால் கூடுதல் இடம் வேண்டும். உருண்டையாக இருந்தால் குறைவாகப் போதும். உள்ளே வைக்கும் பஞ்சு தடிமனாக இருந்தால் அதுவும் இடத்தை விழுங்கும்.

ஆகவே இரண்டு கம்பெனிக்காரர்கள் 8 என்று எழுதினால் இருவருமே பொய் சொல்லவில்லை. இருவரும் தங்கள் கட்டையைச் சொல்கிறார்கள். உங்கள் காலைப் பற்றி யாரும் பேசவில்லை!

சைக்கிள் பூட்சு

சாதாரணப் பூட்சிலேயே இந்தப் பாடு. சைக்கிள் பந்தயப் பூட்சு என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிற பிள்ளைகளுக்கு இந்தப் பூட்சு தேவையே இல்லை. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ம் வகுப்பு மாணவ, மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் வழங்கப்படுகிறது. காலை எட்டு மணிக்குக் கிராமச் சாலைகளில் அந்தச் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். அதற்குச் சாதாரணக் கான்வாஸ் பூட்சு, அல்லது குதிகால் பட்டை உள்ள செருப்பு போதும். தொளதொளத்த செருப்புதான் ஆபத்து. பெடலில் இருந்து நழுவும். நாடா உள்ள பூட்சானால் வலது கால் நாடாவின் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். செயின் இருப்பது அந்தப் பக்கம்.

பந்தயப் பூட்சு வேறு. அதன் அடிப்பாகம் பலகை போல் இருக்கும். நைலான் அல்லது கார்பன் இழையால் செய்கிறார்கள். வளையாது. அடியில் ஒரு சிறு கொளுவி இருக்கும். "கிளீட்" என்பார்கள். அது பெடலில் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும்.

முன்பு வீரர்கள் வார்ப்பட்டையால் காலைப் பெடலோடு கட்டிக்கொள்வார்கள். விழுந்தால் சைக்கிளோடு சேர்ந்தே விழ வேண்டும்! பிரான்சு நாட்டு "லுக்" கம்பெனி பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பூட்டு செய்து வந்தது. அந்தப் பூட்டையே 1984-ல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அந்தப் பெடலை மிதித்து பெர்னார்டு இனால்ட் என்ற வீரர் "டூர் டி பிரான்ஸ்" பந்தயத்தில் வென்றார். உலகமே அந்தப் பக்கம் திரும்பியது.

இந்தப் பூட்சு நடப்பதற்கு அல்ல. நடக்கும்போது பாதம் வளைகிறது. விரல்கள் முன்னே தள்ளப்படுகின்றன. பெடல் மிதிக்கும்போது அப்படி இல்லை. அதனால் நடைப் பூட்சை விடக் கொஞ்சம் பிடிப்பாகப் போடலாம். ஆனால் விரல் நுனி முட்டக் கூடாது. குதிகால் மேலே எழும்பவும் கூடாது.

வளையாத பூட்சு என்பதால் தவறான அளவுக்கு மன்னிப்பே கிடையாது. தோல் செருப்பு நாலு நாளில் காலுக்கு ஏற்ப விட்டுக் கொடுக்கும். கார்பன் பலகை கொடுக்காது. முன்பாதம் நெருக்கப்பட்டால் எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு அழுத்தப்படும். அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப் போகும். பிறகு பாதம் நெருப்பாக எரியும். "வெயிலால் எரிகிறது" என்று நினைத்துக்கொண்டு மிதிப்பவர்கள் உண்டு. வெயிலுக்கும் பங்கு இருக்கிறது. சூட்டில் பாதம் வீங்கும். நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்!

இந்தப் பூட்சுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய நம்பரில் வருகின்றன. ஜப்பானின் "ஷிமானோ" கம்பெனி ஒரு நல்ல காரியம் செய்கிறது. நம்பரோடு பாத நீளத்தையும் வெளியிடுகிறது. 42-ம் நம்பர் என்றால் 26.5 சென்டிமீட்டர் பாதம். 43 என்றால் 27.2. இத்தாலியின் "சிடி" பூட்சு ஒடுக்கமாக இருக்கும் என்பது சைக்கிள்காரர்கள் பேச்சு. அதற்காக அந்தக் கம்பெனியே "மெகா" என்று ஓர் அகல வகையை விற்றது. ஷிமானோவிலும் சில பூட்சுகளுக்கு அகல வகை உண்டு.

அகலம் போதவில்லை என்றால் நம் ஆட்கள் செய்வது என்ன? ஒரு நம்பர் கூட்டி வாங்குவது. நடைப் பூட்சில் இது ஒருவாறு ஒப்பேறும். சைக்கிள் பூட்சில் ஒப்பேறாது. நீளம் கூடினால் குதிகால் ஆடும். கொளுவி இருக்க வேண்டிய இடம், கட்டை விரலுக்குப் பின்னால் உள்ள பாதப் பந்துக்கு நேரே. பூட்சு நீண்டால் அந்த இடமும் தள்ளிப் போகும். முழங்கால் வலிக்கத் தொடங்கும். அகலம் வேண்டுமானால் அகல வகையைத்தான் கேட்க வேண்டும்.

இந்தியப் பாதம்

நம் பாதத்துக்கே அகலம் அதிகம். இது வெறும் பேச்சு அல்ல. அளந்து பார்த்திருக்கிறார்கள்.

சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை ஒரு பெரிய வேலை செய்தது. நாடு முழுவதும் 79 இடங்களில் 1 லட்சத்து 1,880 பேரின் பாதங்களைக் கருவி வைத்து அளந்தது.

பாதத்தின் அளவு, வடிவம் எல்லாம் பதிவாயின. தெரியவந்தது என்ன? இந்தியர்களின் முன்பாதம் அகலம். நாம் இத்தனை காலமும் போட்டு வந்ததோ வெள்ளைக்காரர்கள் விட்டுச் சென்ற அளவு. ஒடுக்கமான பூட்சில் அகலமான பாதம் நுழையாது. எனவே நீளம் கூடிய பூட்சாக வாங்குகிறோம். நாடாவை இறுக்கிக் கட்டுகிறோம். அப்படியும் கடிக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயது வாக்கில் உச்சத்தை எட்டுகிறது. ஆண்களுக்கு 15, 16 வயது.

இதை வைத்து "பா" என்ற புதிய இந்திய அளவு முறையை வகுத்தார்கள். "பாரத்" என்பதன் முதல் எழுத்து அது. கைக்குழந்தை முதல் பெரியவர் வரை 8 பிரிவுகள். அரை நம்பர் கிடையாது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஒப்புதலுக்கு இந்தப் பரிந்துரை அனுப்பப்பட்டது.

உலக அளவிலும் ஒரு நேரான முறை உண்டு. அதற்கு "மாண்டோபாயிண்ட்" என்று பெயர். அதில் நம்பர் என்பது பாதத்தின் நீளமேதான், மில்லிமீட்டரில். 265 என்றால் 265 மில்லிமீட்டர் பாதம். பக்கத்திலேயே அகலமும் இருக்கும். ராணுவப் பூட்சுக்கும் பனிச்சறுக்குப் பூட்சுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கெல்லாம் கால் கடித்தால் பிழைப்பே போய்விடும் அல்லவா?

விளையாட்டு அல்ல

கால் கடிப்பது சிலருக்கு வெறும் தொல்லை. சிலருக்கு உயிர் விஷயம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு நாளடைவில் பாதத்தில் உணர்ச்சி குறையும். பூட்சு கடித்தாலும் தெரியாது. கொப்புளம் வரும். புண்ணாகும். அதுவும் தெரியாது. புண் ஆறாமல் விரலையும், சில சமயம் காலையுமே எடுக்க நேர்கிறது. தொடக்கம் என்னவோ அரை சென்டிமீட்டர்தான்! வீட்டில் அப்படி யாராவது இருந்தால் தினமும் இரவு அவரது பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். பூட்சு போடும் முன்பு உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு வேறு கஷ்டம். "அடுத்த வருஷமும் ஆகட்டும்" என்று இரண்டு நம்பர் கூட்டி வாங்குகிறோம். பிள்ளை தடுக்கி விழுகிறது. சிக்கனம் நல்லதுதான். விரலுக்கு முன்னால் பெரியவர் கட்டை விரல் அகலம் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

அளப்பது எப்படி?

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சாலையோரம் செருப்புத் தைக்கும் பெரியவர் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய செய்தித்தாளை விரிப்பார். காலை வைக்கச் சொல்வார். பென்சிலால் சுற்றிக் கோடு போடுவார். செருப்பு அச்சாக வந்து சேரும். அவர் நம்பரே கேட்பது இல்லை!

நீங்களும் அதையே செய்யலாம்.

சாயங்காலம் அளக்க வேண்டும். காலையில் பாதம் சிறுத்திருக்கும். பகல் முழுவதும் நின்ற பிறகு சற்றுப் பெருக்கும். போடப்போகும் காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். காகிதத்தைச் சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள். குதிகால் சுவரைத் தொட நில்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது. உடலின் எடை இறங்கினால்தான் பாதம் முழுதும் விரியும். குனிந்தால் பாதம் நகரும். எனவே வேறொருவர் கோடு போடட்டும். பென்சில் சாயாமல் நிற்க வேண்டும்.

சுவரில் இருந்து மிக நீண்ட விரல் வரை அளந்தால் நீளம். எல்லோருக்கும் கட்டை விரல்தான் நீளம் என்று நினைக்க வேண்டாம். சிலருக்கு இரண்டாவது விரல் நீண்டிருக்கும். முன்பாதத்தின் மிக அகன்ற இடத்தைக் குறுக்கே அளந்தால் அகலம். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பலருக்கும் ஒரு கால் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். "நீளம் 262, அகலம் 101" என்பது போல.

இனிக் கடையிலோ செல்போனிலோ வாங்கும்போது நம்பரைத் தேடாதீர்கள். பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் யு.எஸ்., யு.கே., ஐரோப்பா என்று நம்பர்கள் இருக்கும். ஓரத்தில் பெரும்பாலும் செ.மீ. என்றும் ஓர் எண் இருக்கும். அதைப் பாருங்கள். செல்போனில் என்றால் அந்தக் கம்பெனியின் சொந்த அட்டவணையைப் பாருங்கள்; வேறு கம்பெனியின் அட்டவணை உதவாது. அட்டவணையில் உள்ள சென்டிமீட்டர் பாதத்தின் நீளமா, பூட்சின் உள்நீளமா என்பதையும் கவனியுங்கள். சிலர் முன்னதைப் போடுகிறார்கள், சிலர் பின்னதை. உள்நீளம் என்றால் அது உங்கள் பாதத்தை விடப் பெரிதாக இருந்தாக வேண்டும்.

வந்த பூட்சை வீட்டுக்குள் வைத்தே பரீட்சை செய்யுங்கள். தெருவில் இறங்கினால் அடியில் மண் ஒட்டும். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சைக்கிள் பூட்சானால் உட்கார்ந்தபடி கால் மணி நேரம் போட்டு வையுங்கள். மரத்துப் போனால் கழற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். கொளுவியை மாட்டுவது அதற்குப் பிறகுதான்.

அளந்த காகிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம். குடும்ப அட்டை இருக்கும் உறையிலேயே வைக்கலாம். பெரியவர்களுக்கு வருஷம் ஒரு தடவை புதுக்கோடு போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட வேண்டும். பழைய கோட்டின் மேலேயே போட்டால் கால் எவ்வளவு வளர்ந்தது என்றும் தெரியும்.